அகத்தியருக்கு ஒரு சாண் கீழே

சில வருடங்களுக்கு முன் நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் ஒருத்தி கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். திருவாதிரை நட்சத்திரம் மங்கிக்கொண்டு போகிறதாம், எந்த நாளும் வெடிக்கலாமாம். அதற்குக் கீழே இன்னொருத்தி, "ஐயோ, என்ர மருமகள் திருவாதிரை. இனியாவது வாய் அடங்குமோ?" என்று எழுதிச் சிரிக்கும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் ஒரு சொல்லும் எழுதாமல் குழுவை விட்டு வெளியேறினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பேசிக்கொண்டீர்களாம், கேள்விப்பட்டேன். கோபம் இல்லையடி. ஐம்பதைத் தொட்டுவிட்டோம், வாசிக்கக் கண்ணாடி, முழங்காலுக்கு எண்ணெய் என்று ஆகிவிட்டது. இனியும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

என் அக்கா பிறந்தது திருவாதிரையில்.

உங்களில் சிலருக்கு அவளை ஞாபகம் இருக்கும். இரட்டைப் பின்னல், யோசிக்கும்போது பின்னல் நுனியைக் கடிக்கும் பழக்கம். நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது அவள் உயர்தர வகுப்பில் கணிதமும் பௌதிகமும் படித்தாள். எங்கள் வீடு உட்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கையில் கடைசி வீடு. முன்மதிலோடு நின்று தெற்கே பார்த்தால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் குன்றுகள், அதற்கும் அப்பால் மூதூர்ப் பக்கத்து வானம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அவருடைய சட்டைகளை அம்மா எத்தனை தரம் தோய்த்தாலும் டீசல் மணம் போகாது. இன்றைக்கும் எங்காவது டீசல் மணம் வந்தால் எனக்கு வீட்டு ஞாபகம் வரும்.

அந்த வருடம் சிவராத்திரி கழிந்த கிழமையில் வானொலியில் ஒரு செய்தி சொன்னார்கள். தென்வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, தூரதரிசினி இல்லாமல் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்குப் பிறகு இப்படி ஒன்று. அம்மா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அப்பா பேப்பரைத் திருப்பினார். அக்கா மட்டும் கதிரையிலிருந்து எழும்பி வானொலிப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள், அது இன்னும் ஏதாவது சொல்லும் என்பதுபோல.

அவளுடைய பௌதிக ரீச்சரிடம் பழைய வான்படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக் கடுதாசியில் வரைந்துகொண்டு வந்தாள். தெற்கே பெரிய வெள்ளை நட்சத்திரம் ஒன்று நிற்கும், அதை எங்கள் பக்கத்தில் அகத்தியர் என்பார்கள். கையை நீட்டிப் பிடித்தால் அகத்தியருக்கு ஒரு சாண் கீழே, சற்று வலப்பக்கம். மூன்று பின்னேரம் மதிலடியில் நின்று தேடினாள். சண்டை நடந்த அந்த நாட்களில் பொழுதுபட்டால் ஊர் இருண்டுவிடும், மின்சாரம் பாதி நாள் இருக்காது. நாலாம் நாள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். மூன்று மங்கலான நட்சத்திரங்கள், அவற்றுக்கு நடுவே நாலாவதாக ஒன்று. ஒரு சின்னப் பொட்டு. இதற்கா இவ்வளவு அமளி என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் ஒரு கொப்பி தொடங்கினாள். ஒவ்வொரு நாளும் ஏழரை மணிக்கு மதிலடி. அந்த மூன்றோடும் ஒப்பிட்டு நாலாவது எவ்வளவு பிரகாசம், என்ன நிறம் என்று ஒரு வரி. அவளிடம் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக ஒரு பென்சில் இருந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்து ரீச்சர்மார் கொப்பி திருத்துவது. தன் கண்ணால் பார்த்ததைச் சிவப்பால் எழுதுவாள். வானொலியிலோ பேப்பரிலோ வந்ததை நீலத்தால் எழுதுவாள். இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

அந்த மாதங்களில் விறகுக்கும் தட்டுப்பாடு. ஒருநாள் அக்கா குசினியில் குந்தியிருந்து ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். புகையில் அவளுடைய கண் சிவந்து நீர் வழிந்தது. நான், "அது ஏன் வெடிச்சது?" என்று கேட்டேன். அறிய ஆசைப்பட்டு அல்ல. அவளைக் கதைக்க வைத்தால் என்னைத் தேங்காய் துருவச் சொல்ல மறந்துவிடுவாள்.

"முதல்ல வெடிக்கேல்லை. முதல்ல உள்ளுக்க விழுந்தது," என்றாள். "பெரிய நட்சத்திரத்துக்குப் பாரம் கூட. அந்தப் பாரம் எந்த நேரமும் அதை உள்ளுக்க அமத்திக்கொண்டே இருக்கும். உள்ளுக்க எரியிற நெருப்புத்தான் தாங்கிப் பிடிக்கிறது. முதல்ல ஐதரசன் எரியும். அது நல்ல விறகு, கோடி வருஷம் தாங்கும். அது முடிய ஈலியம், பிறகு காபன், பிறகு வேற வேற. விறகு முடிய நாங்கள் பொச்சுமட்டை வைக்கிறம், பிறகு சிரட்டை, பிறகு கடுதாசி. ஒண்டை விட ஒண்டு கெதியா முடியுதெல்லே, அப்பிடி. கடைசியா எரியிற சிலிக்கன் ஒரு நாள்தான் தாங்குமாம்."

"பிறகு?"

"பிறகு இதுதான் மிச்சம்." ஊதுகுழலைத் தூக்கிக் காட்டினாள். "இரும்பு. இதை அடுப்புக்க வைச்சால் சோறு அவியுமே? இரும்பால சூடு எடுக்க ஏலாது. உள்ளுக்க அது சேர்ந்து சேர்ந்து, ஒரு அளவுக்கு மேல தாங்க ஏலாமல், கண் வெட்டுறதுக்குள்ள நடு முழுக்க இடிஞ்சு விழும். இனி இறுக ஏலாது எண்ட அளவுக்கு இறுகித் திருப்பி உதைக்கும். மேல இருக்கிறது எல்லாம் சிதறிப் போகும். நடுவில ஒரு உருண்டை மிஞ்சும். சூரியனை விடப் பாரம், ஆனால் அகலம் இஞ்சயிருந்து நிலாவெளி மட்டும்தான், ஒரு பத்து மைல்."

"இப்ப அது அங்க எரியுதோ?"

"இப்ப அது அங்க இல்லை. ஒரு லட்சத்து அறுபதினாயிரம் வருஷத்துக்கு முந்தியே முடிஞ்சுது. வெளிச்சம் இப்பதான் வந்து சேருது. நாங்கள் பாக்கிறது பழைய செய்தி." கண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "என்ர திருவாதிரையும் ஒருநாள் இப்பிடித்தான். சிவப்பு, நல்ல கிழடு. நாளைக்கும் நடக்கலாம், லட்சம் வருஷம் கழிச்சும் நடக்கலாம். நடந்தால் பகலிலயும் தெரியும், தெரியுமே?"

அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

முன்வீட்டு மாமி ஒருநாள் சீனி கடன் கேட்க வந்தவள் அம்மாவை வாசலுக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கட மூத்தவள் பின்னேரத்தில கொப்பியும் கையுமாத் துறைமுகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். நான் சொன்னனெண்டு நினையாதேங்கோ அக்கா. காலம் சரியில்லை. பாக்கிறவன் நட்சத்திரம் எண்டு நினைக்க மாட்டான், நேவிக் கப்பல் எண்ணுறாள் எண்டுதான் நினைப்பான்." அம்மா சிரித்து மழுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்தவள் சீனிப் போத்தலைத் திறந்தபடியே வைத்துவிட்டாள். அதில் எறும்பு ஏறியதற்கு எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

இனி என் பங்கு. அந்தப் பென்சில் மேல் எனக்கு ஒரு கண். பங்குனியில் ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் எடுத்து, கொப்பியின் கடைசித் தாளில் சிவப்பால் ஒரு பூ கீறினேன். அவள் ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டு என் உச்சியில் குட்டினாள். வலித்தது தலை இல்லை. நேரே குசினிக்கு ஓடினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அக்கான்ர நட்சத்திரம் வெடிக்கப்போகுதாம். அக்காவே சொன்னவ. நாளைக்கும் வெடிக்குமாம்."

அம்மாவின் கை நின்றது. துருவலகில் பாதித் தேங்காய் அப்படியே இருந்தது. பிறந்த நட்சத்திரத்துக்கு ஒன்று என்றால் பிள்ளைக்கு ஒன்று. அம்மாவின் கணக்கில் அதில் வேறு கதையே இல்லை. அதிலும் பிள்ளையே தன் வாயால் சொல்லியிருக்கிறாள். "பிள்ளை சொன்னவளே? தன்ர வாயால?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அக்காவுக்கு நல்ல ஏச்சு விழப்போகிறது என்று எனக்கு ஒரே குதூகலம். ஏச்சு விழவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பாலையூற்றுச் சாத்திரியாரிடம் போனாள். அவர் அக்காவின் சாதகத்தை விரித்து வெகு நேரம் பார்த்தார். கடல் தாண்டினால் கண்டம் கழியும் என்றார். அம்மா கைப்பையிலிருந்த கடித உறையைத் தொட்டுக்கொண்டு, "நோர்வேயில ஒரு சம்பந்தம் வந்திருக்கு" என்றாள். அந்த உறை காலையில் புறப்படும்போதே பையில் இருந்தது. அது அன்றே என் கண்ணில் பட்டது. அதன் பொருள் விளங்க எனக்கு முப்பது வருடம் பிடித்தது. அம்மா அங்கே போனது கேட்டு அறிய அல்ல. மதிலடியில் நிற்கும் பிள்ளையை உயிரோடு எங்காவது அனுப்பிவிட அவளுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. மாமி சொன்ன காரணத்தை வாய் விட்டுச் சொல்லவும் பயம். நான் கொண்டுபோய்க் கொடுத்த காரணம் அவளுக்குக் கைக்கு வாய்த்தது.

அக்கா அழுதாள், பட்டினி கிடந்தாள். "ஆவணியில சோதினை அம்மா. அது முடியட்டும். பிறகு எங்க எண்டாலும் போறன்."

"ஆவணி வரைக்கும் நீ இருக்க வேணுமே," என்றாள் அம்மா. நட்சத்திரத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கலாம். அவரிடம் எனக்கு இன்னும் தீராத மனத்தாங்கல் இது ஒன்றுதான்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று அக்காவுக்குத் தெரியும். என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். வருடப்பிறப்புக்கு முதல் நாள் புறப்பட்டாள். விடிய, குசினி வாசற்படியில் இருந்து கறிக்கத்தியால் அந்தப் பென்சிலை இரண்டாக வெட்டினாள். சிவப்புத் துண்டை என் கையில் வைத்தாள்.

"நான் போற இடத்தில அது எழும்பவே எழும்பாது. பூமியின்ர மற்றப் பக்கம். நீ ஏழரைக்குப் பார். பாத்ததைச் சிவப்பால எழுதி அனுப்பு. நான் கொப்பியில நீலத்தால பதியிறன், என்ன?"

"நீ கோவமோ?" என்று கேட்டேன்.

"போடி விசரி," என்று என் உச்சியைத் தடவினாள், குட்டிய அதே இடத்தில்.

முதல் இரண்டு கிழமை ஒழுங்காகப் பார்த்தேன், சத்தியமாக. அது வரவரக் கீழே இறங்கிக்கொண்டு வந்தது, ஆனால் பிரகாசம் கூடியது, நிறம் செம்மஞ்சளாக மாறியது. எல்லாம் சிவப்பால் எழுதி அனுப்பினேன். பிறகு அம்மா பொழுதுபட்டால் மதில் பக்கம் போகக் கூடாது என்று தடுத்தாள். வைகாசியில் ஒருநாள் களவாகப் போய்ப் பார்த்தபோது அந்த மூன்றும் இல்லை, நாலாவதும் இல்லை. இல்லை என்று எழுதினால் அக்கா என்ன ஆவாள்? அங்கே அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

பொய் எழுதத் தொடங்கினேன். வீட்டுக்குள் மேசையில் இருந்து, வெள்ளிக்கிழமை தோறும். "நேற்றையை விடப் பிரகாசம்." "நல்ல மஞ்சள்." ஆடியில் விட்ட புளுகு, "வெள்ளியை விடப் பெரிசாத் தெரியுது." எல்லாம் பள்ளிக்கூடப் பேனையால். அந்தச் சிவப்புத் துண்டை எடுத்துப் பொய் எழுதக் கை வரவில்லை. அதை அலுமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அக்காவின் பதில்கள் நீல விமானத் தபால் தாளில் வரும். சில நேரம் இரண்டு மாதம் ஒன்றுமே வராது, பிறகு மூன்று ஒன்றாக வரும். அங்கே கோடையில் இருட்டே இல்லை, நட்சத்திரம் ஒன்றையும் காணவில்லை என்று எழுதினாள். மார்கழியில் தன் திருவாதிரையை அங்கேயும் கண்டதாக, பனிக்கு மேலே சிவப்பாக நிற்பதாக எழுதினாள். பின்னேரங்களில் அந்த நாட்டுப் பாசை படிக்கப் போகிறாள், படித்து முடித்தால் பல்கலைக்கழகத்தில் சேரலாமாம். கடைசியில் எப்போதும் அதே கேள்வி. "வெள்ளியை விடப் பெரிசோ? அப்பிடியோ! இன்னும் வடிவாப் பாத்து எழுது."

அடுத்த மாசியில் ஒரு மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார். அவர் மத்தியானத்தில் வருபவர் இல்லை. கையில் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் இருந்தது. வேலைத்தலத்துக்குத் தொலைபேசி வந்திருந்தது. பாசை வகுப்புக்குப் போகும் வழியில் பனியில் வழுக்கிய வாகனம். அங்கே அவளைக் கட்டிய அத்தான் அழுதுகொண்டே சொன்னாராம், உயிர் உடனே போய்விட்டதாம். பத்தொன்பது வயது. அம்மா அழவில்லை. "நான்தான் அனுப்பினனான். நான்தான் அனுப்பினனான்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஓடிப்போய், இல்லை அம்மா, நான்தான் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. அம்மா கண்ணை மூடும்வரை சொல்லவில்லை. உங்களிடம்தான் முதன்முதல் சொல்கிறேன்.

இருபது நாள் போயிருக்கும். தபால்காரர் மணி அடித்தார். அம்மா வாசலுக்குப் போனவள் அங்கிருந்தே கத்தினாள். "பிள்ளை இருக்கிறாள்! இஞ்ச பாருங்கோ, பிள்ளை கடிதம் போட்டிருக்கிறாள்! அவங்கள் ஆளை மாறிச் சொல்லிப்போட்டாங்கள்!" சேலைத் தலைப்பு தரையில் இழுபட, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள். முன்வீட்டு மாமி வெளியே வந்துவிட்டாள். அந்த ஐந்து நிமிடம் என் அக்கா உயிரோடு இருந்தாள்.

அப்பா தாளை வாங்கினார். மூலையில் அக்கா எழுதியிருந்த திகதியைப் பார்த்தார். விபத்துக்கு இரண்டு நாள் முந்தியது. விரலை அந்தத் திகதியில் வைத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அப்படியே படியில் இருந்துவிட்டாள். அப்போதுதான் அவள் அழுதாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் பங்குக்கு உள்ளே தனியாக ஒரு துண்டு மடித்து வைத்திருந்தாள். எனக்கு மனப்பாடம்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லுறன், கோவியாதை. வைகாசிக்குப் பிறகு அது பொழுதுபட முந்தியே இறங்கியிடும். ஆனி ஆடிப் பின்னேரத்தில உனக்கு அது தெரிஞ்சிருக்க ஏலாது. அதோட, நீ பேனையால எழுதத் தொடங்கினாய். சிவப்புத் துண்டு எங்க? எனக்கு அப்பவே தெரியும். எண்டாலும் ஒண்டு விடாமல் எல்லாத்தையும் கொப்பியில பதிஞ்சு வைச்சிருக்கிறன், வாசிச்சு வாசிச்சுச் சிரிப்பன். நீ எழுதாட்டில் எனக்கு இஞ்ச ஆர் இருக்கினம்? இப்ப மாசி. இப்ப அந்த இடம் திரும்பவும் பின்னேரத்தில வந்திருக்கும். ஆனா அது நல்லா மங்கிப் போயிருக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறன். ஒருக்கா மெய்யாப் போய்ப் பார். இல்லாட்டி இல்லை எண்டு எழுது. பயப்பிடாதை. இல்லை எண்டதும் ஒரு பதிவுதான்."

அன்று ஏழரைக்கு அலுமாரியிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன். அம்மா தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே பின்னால் வந்து நின்றாள். ஒரு வருடமாக அந்தப் பக்கம் தலை தூக்கிப் பார்க்காதவள்.

"எது?" என்று கேட்டாள். "பிள்ளை பாத்தது எது?"

அம்மாவின் கையைப் பிடித்து நீட்டினேன். அகத்தியர். அங்கிருந்து ஒரு சாண் கீழே. மூன்று மங்கல் நட்சத்திரங்கள் தங்கள் இடத்தில் நின்றன.

"அந்த மூண்டுக்கும் நடுவில அம்மா."

அம்மா வெகு நேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"அங்க ஒண்டும் இல்லையே பிள்ளை."

"ஓம் அம்மா," என்றேன். தாளை மதிலில் வைத்து அதைத்தான் சிவப்பால் எழுதினேன்.